வயலினோடு ஒரு சீனியர் போட்டோ: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

பிள்ளை பதினொன்றாம் வகுப்பை முடித்த கோடையிலேயே 'சீனியர் போர்ட்ரெய்ட்' என்று மின்னஞ்சலும் தபாலில் அட்டையும் வரத் தொடங்கும். இங்கே பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் சீனியர். விளம்பரம் என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். பாதி விளம்பரம்தான், மீதிப் பாதி அவசியம்.

அவசியமானது இயர்புக் (பள்ளி ஆண்டு மலர்) படம். பள்ளி ஏற்பாடு செய்த நிறுவனம் எடுக்கும். தோள்வரைதான் தெரியும். பெரும்பாலும் பெண்களுக்குக் கறுப்பு டிரேப் (தோளைச் சுற்றிப் போர்த்தும் துணி), பையன்களுக்கு டக்சீடோ கோட், அதை அவர்களே தருவார்கள். கடைசித் தேதி போய்விட்டால் படம் வராமலே போகலாம். அப்புறம் பேக்கேஜ் விலைப்பட்டியலை நீட்டுவார்கள். பொதுவாக இயர்புக்கில் படம் வர எதையும் வாங்க வேண்டியதில்லை, பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பூங்காவில், ஏரிக்கரையில் தனியாக எடுப்பது முழுக்க உங்கள் விருப்பம். சில நூறு டாலர் ஆகும். நல்ல கேமராவும் பொறுமையும் உள்ள நண்பர் இருந்தால் அதுவே போதும் என்பேன். ஆள் வைத்தால், சொல்லும் தொகை சிட்டிங் ஃபீ (படம் எடுக்கும் கூலி) மட்டுமா, டிஜிட்டல் கோப்புகளும் சேர்த்தா என்று கேளுங்கள். எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லாதவரை, காப்புரிமை பொதுவாகப் படம் எடுத்தவருக்குத்தான். பிரிண்ட் போட, அரங்கேற்ற அழைப்பிதழில் போட எல்லாம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். பல பூங்காக்களில் தொழில்முறைப் படப்பிடிப்புக்குப் பெர்மிட் வேண்டும், அதை யார் எடுப்பது என்பதையும் அப்போதே பேசிவிடலாம்.

பிள்ளை வயலின் வாசிக்கிறவள் என்றால் நேரத்தை வயலின்தான் முடிவு செய்யும். ஆகஸ்டில் டல்லாஸ் பக்கம் சூரியன் மறையவே எட்டு மணி ஆகும். அதற்கு முந்தைய ஒரு மணி நேர வெளிச்சம் முகத்துக்கும் நல்லது, வயலின் மரத்துக்கும் நல்லது. உச்சி வெயில் வேண்டவே வேண்டாம். உடை மாற்றுகிற நேரத்தில் வயலினைக் காரில் பூட்டிவைக்கவும் கூடாது. மூடிய காருக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டிவிடும். வயலினை ஒட்டியிருப்பது விலங்குப் பசை, சூட்டில் இளகி மூட்டு விட்டுப்போகும். மிருதங்கம் என்றால் ஈரப் புல்லில் வைக்காமல் கீழே ஜமுக்காளம் விரியுங்கள், ஈரம் பட்டால் தோல் தளர்ந்துவிடும்.

கர்நாடக வயலின் பிடிக்கும் முறையை இங்குள்ள போட்டோகிராபர் பார்த்திருக்கமாட்டார். நின்றுகொண்டு தாடைக்கடியில் வைக்கத்தான் சொல்வார். சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் சுருள்தலை வலது பாதத்தின் மேல் நிற்கிற படம் ஒன்றை முதல் நாளே அவருக்கு அனுப்பிவிடுங்கள். பள்ளி ஆர்கெஸ்ட்ராவிலும் வாசிக்கிறாள் என்றால் இரண்டு விதமாகவும் எடுக்கலாம், கவுனுக்கு ஒன்று, பாவாடை தாவணிக்கு ஒன்று. கையில் சும்மா பிடிக்கச் சொன்னால் பொம்மை மாதிரி இருக்கும். தெரிந்த வர்ணம் ஒன்றை நிஜமாகவே வாசிக்கட்டும், விரல்கள் தானாக இடத்துக்கு வந்துவிடும். உடை சரிசெய்ய வருகிறவர் வில்லின் முடியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கை எண்ணெய் பட்ட இடத்தில் ரோசின் (வில்லில் தேய்க்கும் பிசின்) பிடிக்காது. (அம்மாக்கள் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. 'சிரிடி' என்று பின்னாலிருந்து குரல் வந்தால் எந்தப் பெண்ணும் சிரிக்கமாட்டாள்.)

டெக்சாஸில் இருந்துகொண்டு புளூபானட் பூக்களுக்கு நடுவே படம் வேண்டும் என்றால் மார்ச் கடைசி, ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் இயர்புக் வேலை முடிந்திருக்கும், பட்டமளிப்பு அழைப்புக்குத்தான் அந்தப் படம் உதவும். பூக்களை மிதிக்காமல் ஓரமாக உட்காரவையுங்கள். உட்காருமுன் புல்லைக் குச்சியால் ஒருமுறை தட்டிப் பாருங்கள், அந்தப் பருவத்தில் பாம்பும் வெளியே வரும்.