டாட்நெட் ஏசிங்க் கோடில் மெமரி கசிந்தால்: டோக்கனில் இருந்து தொடங்குங்கள்

நாள்கணக்கில் ஓடும் சர்வீஸில் மெமரி ஏறிக்கொண்டே போனால் எல்லோரும் ஏசிங்க் வேலையைக் குறிக்கும் டாஸ்க்கைத்தான் சந்தேகிப்பார்கள். கேன்சல் வசதி உள்ள கோடில் முதலில் பார்க்க வேண்டியது, சர்வீஸ் நிற்கும்வரை உயிரோடு இருக்கும் டோக்கனை (கேன்சலேஷன்டோக்கன், வேலையை நிறுத்தச் சொல்லும் செய்தியைக் கொண்டு செல்வது). சர்வீஸ் நிற்கப்போகிறது என்று அறிவிக்கும் அப்ளிகேஷன்ஸ்டாப்பிங் அப்படி ஒன்று. அதில் ரெஜிஸ்டர் செய்த ஒவ்வொரு கால்பேக்கையும் (கேன்சல் ஆனால் அழைக்கப்படும் மெத்தட்), அந்தக் கால்பேக் பிடித்திருக்கும் ஆப்ஜெக்ட்களையும், டோக்கனை உருவாக்கிய சோர்ஸ் (கேன்சலேஷன்டோக்கன்சோர்ஸ்) விடாமல் வைத்திருக்கும். வேலை முடிந்துவிட்டது என்பது அதற்குத் தெரியாது.

கசிவுதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். சீரான லோடு கொடுத்து, டாட்நெட்-ஜிசிடம்ப் கருவியால் சில நிமிட இடைவெளியில் இரண்டு டம்ப் (மெமரியில் உள்ள ஆப்ஜெக்ட்களின் பதிவு) எடுங்கள். அது எடுக்கும்போதே முழு ஜிசியை (யாரும் பிடித்திராத ஆப்ஜெக்ட்களை அகற்றும் வேலை) ஓடவைப்பதால், மிஞ்சுவது உண்மையில் யாரோ பிடித்திருப்பதுதான். இரண்டாவதில் கால்பேக்நோட், லிங்க்ட் கேன்சலேஷன்டோக்கன்சோர்ஸ், டிலேபிராமிஸ் ஆகிய வகைகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறதா பாருங்கள். கூடியிருந்தால் டாட்நெட்-டம்ப் எடுத்து, டம்ப்ஹீப் கட்டளையில் அந்த வகை ஆப்ஜெக்ட் ஒன்றின் முகவரியைப் பிடித்து, அதை எது பிடித்திருக்கிறது என்று சங்கிலியாகக் காட்டும் ஜிசிரூட் கட்டளை கொடுங்கள். சங்கிலி எந்த சோர்ஸின் வழியாக வருகிறதோ, அங்கேதான் கசிவு.

குற்றவாளி பெரும்பாலும் மூன்றில் ஒன்று. ரெஜிஸ்டர் திருப்பித் தரும் ரெஜிஸ்ட்ரேஷனை வாங்கி டிஸ்போஸ் செய்யாமல் விடுவது முதலாவது. கிரியேட்லிங்க்ட்டோக்கன்சோர்ஸில் உருவாக்கிய லிங்க்ட் சோர்ஸை (தாய் டோக்கன் கேன்சல் ஆனால் தானும் கேன்சல் ஆவது) டிஸ்போஸ் செய்யாதது இரண்டாவது. அது தாய் டோக்கனின் பட்டியலிலேயே கிடக்கும். இரண்டுக்கும், பிளாக் முடிந்ததும் தானே டிஸ்போஸ் செய்யும் யூசிங் போதும். ஆனால் யூசிங் உள்ள மெத்தடில் டாஸ்க்கை அவெய்ட் செய்யாமல் அப்படியே ரிட்டர்ன் செய்யாதீர்கள். வேலை முடியும் முன்பே சோர்ஸ் டிஸ்போஸ் ஆகிவிடும். பிறகு தாய் டோக்கனைக் கேன்சல் செய்தாலும் அந்த வேலைக்குச் செய்தி போகாது.

மூன்றாவதுதான் கண்ணில் படாதது. கேன்சல் வசதி இல்லாத டாஸ்க்கை, டைம்அவுட்.இன்ஃபினிட்டும் (முடிவில்லாக் காத்திருப்பு) டோக்கனும் கொடுத்த டாஸ்க்.டிலேயுடன், ஏதாவது ஒன்று முடிந்ததும் முடியும் வென்எனியில் சேர்ப்பார்கள். டாஸ்க் முதலில் முடிந்துவிட்டால் டிலே முடிவதே இல்லை, டோக்கனில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒன்று சேரும். டாட்நெட் 6 முதல், டோக்கனை ஏற்று டாஸ்க்குக்காகக் காத்திருக்கும் வெயிட்ஏசிங்க் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். கேன்சல் ஆனால் அது காத்திருப்பதை மட்டுமே நிறுத்தும். உள்ளே ஓடும் வேலை தொடர்ந்து ஓடும் என்பதை மறக்கக் கூடாது. பழைய பதிப்பில் டிலேக்குத் தனி லிங்க்ட் சோர்ஸ் கொடுத்து, வென்எனி முடிந்ததும் அதைக் கேன்சல் செய்து டிஸ்போஸ் செய்யுங்கள்.

திருத்தும்போது ஒரு ஆபத்து உண்டு. ரெஜிஸ்ட்ரேஷனை டிஸ்போஸ் செய்யும்போது கால்பேக் வேறு த்ரெட்டில் ஓடிக்கொண்டிருந்தால், அது முடியும்வரை டிஸ்போஸ் காத்திருக்கும். நீங்கள் ஒரு லாக்கைப் பிடித்திருக்க, கால்பேக்கும் அதே லாக்கைக் கேட்டால், இரண்டும் ஒன்றுக்கொன்று காத்து நிற்கும் டெட்லாக்தான். லாக்கை விட்டபின் டிஸ்போஸ் செய்யுங்கள், அல்லது காத்திருக்காத அன்ரெஜிஸ்டரை அழையுங்கள்.

சரியானதா என்று பார்க்க, கேன்சல் செய்யக்கூடிய, ஆனால் இன்னும் கேன்சல் செய்யாத ஒரே டோக்கனைக் கொடுத்து அந்த மெத்தடை 10,000 முறை ஓடவிடுங்கள். முன்னும் பின்னும் ஜிசி.கெட்டோட்டல்மெமரியை ட்ரூ கொடுத்து அழையுங்கள். 20,000 முறை ஓட்டினாலும் வித்தியாசம் ஏறத்தாழ அதே அளவில் நின்றால் கசிவு போய்விட்டது. இரட்டிப்பானால் இன்னொரு ரெஜிஸ்ட்ரேஷன் எங்கோ மிச்சம் இருக்கிறது.