பூட் எழுத்துகளைக் கழற்றினால் நிற்கும் நிழல்

காரின் பூட் மூடியில் உள்ள பெயர் எழுத்துகளைக் கழற்றும்முன், முதலில் அவை வெறும் பசையால் ஒட்டியவையா, பின்னால் ஊசி உள்ளதா என்று பாருங்கள். பூட் மூடியின் உட்புறம் துளை தெரிந்தால் விட்டுவிடுங்கள். கழற்றினால் துளையை அடைத்துப் பெயிண்ட் அடிக்க வேண்டிவரும்.

சுற்றிலும் நன்றாகக் கழுவுங்கள், மணல் இருந்தால், பிறகு விடும் நரம்பே அதை இழுத்துக் கீறும். ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கை பொறுக்கும் சூடுவரை காட்டுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் பார்க்கின் மேல்தளத்தில் மதியம் நின்ற வண்டிக்கு அந்த வெயிலே போதும். 0.5 மி.மீ. தூண்டில் நரம்பை எழுத்தின் பின்னால் விட்டு ரம்பம்போல் இழுங்கள். நரம்பு எழுத்தின் பக்கமே சாய்ந்திருக்கட்டும். பிளேடு வேண்டவே வேண்டாம்.

மிஞ்சிய பசையைக் கட்டைவிரலால் உருட்டி எடுங்கள். மீதிக்குத் தார் நீக்கி. தின்னர் வேண்டாம், மறுபெயிண்ட் அடித்த இடத்தைக் கெடுத்துவிடும்.

இதன்பிறகும் எழுத்தின் உருவம் தெரிகிறதா? விரலால் தடவுங்கள். சொரசொரப்பு என்றால் பழைய மெழுகும் அழுக்கும்தான். கிளே பார் (அழுக்கை ஒட்டி எடுக்கும் களிமண் கட்டி) போதும். வழவழப்பாக இருந்தும் நிழல் தெரிந்தால், சுற்றியுள்ள பெயிண்ட் வெயிலில் வெளுத்திருக்கிறது. அப்போது பாலிஷ் போடவேண்டியது நிழலின்மேல் அல்ல, அதைச் சுற்றி. என் அனுபவத்தில், பழைய சிவப்பு வண்டிகளில் இது முழுதாக மறைவதில்லை.

தேய்த்த இடத்தில் மெழுகே இருக்காது. அன்றே ஒரு பூச்சுப் போட்டுவிடுங்கள்.