செயின்சாவும் கோடாலியும்: ஒரு நாள் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரம் சாயும் அந்தச் சில நொடிகளில் எல்லோரும் கவனமாகத்தான் இருப்போம். பேச்சு நின்றுவிடும், கண் உச்சியிலேயே இருக்கும், கால் விலகத் தயாராக இருக்கும். இந்த வேலையில் நான் பார்த்த காயங்களில் அந்த நேரத்தில் பட்டவை குறைவு. மரம் தரையில் விழுந்து, "இனி என்ன, துண்டு போட வேண்டியதுதானே" என்று மனசு தளர்ந்த பிறகு பட்டவைதான் அதிகம். கிளை கழிக்கும்போது, அடிமரத்தைத் துண்டு போடும்போது, சாயங்காலம் கடைசி நான்கு முண்டுகளைப் பிளக்கும்போது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இருப்பது ஒரே தவறு. வெட்டுவதற்கு முன்னால், விசை எங்கே அடைபட்டுக் கிடக்கிறது என்று பார்ப்பதில்லை. வளைந்த கிளைக்குள் விசை இருக்கிறது, ஓடுகிற செயினில் இருக்கிறது, ஓங்கிய கோடாலியில் இருக்கிறது. அது எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது.

காலையில் தொடங்கும் தவறு

மழுங்கிய செயினோடு வேலையை ஆரம்பிப்பதுதான் அன்றைய முதல் தவறு. பல் மழுங்கியதை விழுகிற தூளே சொல்லிவிடும். ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். கூரான பல் சின்னச் சின்னத் தட்டையான சீவல்களாக வெட்டித் தள்ளும். அவை விரலிடுக்கில் தங்கும். மழுங்கிய பல்லிலிருந்து மாவாகக் கொட்டும். மரம் உளுத்துப் போகாமலிருந்தும் மாவாகக் கொட்டினால், மெஷினை நிறுத்தி அரத்தைக் கையில் எடுக்க வேண்டும்.

கூரான செயின் தானாக மரத்துக்குள் இறங்கும், மெஷினின் எடையே போதும். மழுங்கிவிட்டால் நாம் அழுத்தத் தொடங்குவோம். அப்படி அழுத்திக்கொண்டே இருக்கும்போது வெட்டு முடிந்து மரம் சட்டென்று விட்டால், மெஷின் நேராகக் காலை நோக்கித்தான் வரும். தோளும் இடுப்பும் மத்தியானத்துக்குள் சோர்ந்துபோவதற்கும் இதுதான் காரணம்.

தீட்டுவதிலும் தவறுகள் உண்டு. செயினுக்கு ஏற்ற வட்ட அரம் வேண்டும். சிறிய மெஷின்களில் வரும் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) செயினுக்குப் பொதுவாக 4 மி.மீ., 0.325 அங்குல பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு) செயினுக்கு 4.8 மி.மீ. கோணம் பெரும்பாலான செயின்களில் 30 டிகிரி. அரத்தைப் பல்லின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். திரும்ப இழுக்கும்போது பல்லில் உரசக் கூடாது. ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்று. ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் நீளம் குறைந்துவிட்டால் வெட்டு நேராக இறங்காமல் வளைந்து போகும். கை நடுங்கிவிட்டது, பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) கோணிவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வோம். பெரும்பாலும் காரணம் அரம் போட்ட விதம்தான்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று முடிவு செய்வது அதுதான். பல செயின்களில் அது பல்லின் நுனியைவிட ஏறக்குறைய 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால் சரி. வேகமாக அறுக்கும் என்று நினைத்து அந்த மேட்டை அளவில்லாமல் ராவிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன்பின் செயின் சீவாது, மரத்தைக் கவ்விப் பிடிக்கும். மெஷின் எகிறும் வாய்ப்பும் கூடும்.

செயின் பாரின் அடியில் தொங்காமல் ஒட்டியிருக்க வேண்டும். கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். சூடேறினால் செயின் நீளும், ஆகவே அரை மணி நேரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

பெட்ரோலில் ஆயில் கலக்கும் அளவு பல மெஷின்களுக்கு 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. உங்கள் மெஷினோடு வந்த கையேட்டில் இருப்பதுதான் கணக்கு, பக்கத்து ஆள் சொல்வது அல்ல. சூடாக இருக்கும் மெஷினில் எரிபொருள் ஊற்றாதீர்கள். ஊற்றிய இடத்திலேயே ஸ்டார்ட் செய்யாமல் குறைந்தது 3 மீட்டர் தள்ளிப் போங்கள்.

ஒரு கையில் மெஷினைத் தொங்கவிட்டு, மறு கையால் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வது பார்க்க வீரமாகத் தெரியும். செய்யவே கூடாது. மெஷினைத் தரையில் வைத்து, செயின் பிரேக்கைப் போட்டு, பின்பிடிக்குள் வலது கால் முனையை நுழைத்து, இடது கையால் முன்பிடியை அழுத்திக்கொண்டு இழுங்கள். ஸ்டார்ட் ஆனபின் பிரேக்கை விடுவித்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் பாருங்கள். அப்போதும் செயின் ஓடினால் அந்த மெஷின் அன்றைக்கு வேலைக்கு வராது. முதலில் ஐட்லிங்கைச் சரிசெய்ய வேண்டும்.

பாதுகாப்புக் கால்சட்டை சூடாக இருக்கிறது என்று பலர் கழற்றி வைக்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் கழற்ற மாட்டார்கள். செயின் பட்டவுடன் துணிக்குள் இருக்கும் நீண்ட இழைகள் வெளியே இழுபட்டு, செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் சிக்கி, அதை நிறுத்திவிடும். ஒருமுறை வெட்டுப்பட்ட கால்சட்டையைத் தைத்துப் போடுவதில் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். காதுக்கும் காப்பு வேண்டும். 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதுதான் பல இடங்களில் வைத்திருக்கும் எல்லை. பெட்ரோல் மெஷினின் சத்தமோ 100-ஐத் தாண்டும். தொளதொளத்த சட்டை, கழுத்துத் துண்டு எதுவும் வேண்டாம்.

மெஷின் எகிறுவது ஏன்

பாரின் நுனியை நான்காகப் பிரித்தால், மேல்பக்கத்துக் கால்பகுதிதான் ஆபத்தானது. ஓடுகிற செயின் அந்த இடத்தில் எதையாவது தொட்டால் பல் கடித்துப் பிடிக்கும், பார் மேலே எழும்பி அறுப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி வரும். செயின் நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடுகிறது, அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கும் அதிகம். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். "சுதாரித்துக்கொள்வேன்" என்ற பேச்சே இங்கே கிடையாது. முன்கூட்டியே நிற்கிற நிலைதான் காப்பாற்றும்.

இடது கட்டைவிரல் முன்பிடியைச் சுற்றி அடியில் பூட்டியிருக்க வேண்டும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு மேலேயே வைத்துக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. மெஷின் எகிறும்போது அந்தப் பிடி நிற்காது. தலை, பாரின் நேர்கோட்டில் இருக்கக் கூடாது, சற்று இடப்பக்கம் விலகியிருக்க வேண்டும். தோளுக்கு மேல் தூக்கி அறுப்பது, ஏணியில் நின்று அறுப்பது, ஒற்றைக் கையில் அறுப்பது மூன்றும் வேண்டாம். கிளை கழிக்கும்போது கண் முன்கிளையில் இருக்கும், நுனி அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் இன்னொரு கிளையில் இடிக்கும். எகிறல் அதிகமும் வருவது இப்படித்தான்.

சாய்ப்பது

மெஷினை எடுக்கும் முன் அண்ணாந்து பாருங்கள். முறிந்து மேலேயே மாட்டிக்கிடக்கும் பட்ட கிளை, வெட்டின் அதிர்வில் தலையில் இறங்கும். மின்கம்பி அருகில் இருந்தால் அது மின்வாரிய ஆட்களைக் கூப்பிட வேண்டிய வேலை. விழும் திசைக்கு எதிர்ப்புறமாக, 45 டிகிரி சாய்வில் பின்னால் விலகிப் போக வழியைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால் நிற்கட்டும்.

விழவேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவில் வெட்டி எடுக்கும் வாய், விட்டத்தில் நான்கில் ஒரு பங்கு ஆழம் இருந்தால் போதும். அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து போடும் பின்வெட்டை முழுவதுமாக அறுத்துவிடுவதுதான் இங்கே பெரிய தவறு. வாய்க்கும் பின்வெட்டுக்கும் நடுவில், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு நாரை விட்டுவைக்க வேண்டும். அந்த நார்தான் கதவின் கீல்போல மரத்தைப் பிடித்துக்கொண்டு, சொன்ன திசைக்குச் சாய்க்கிறது. 50 செ.மீ. மரத்துக்கு 5 செ.மீ. கனக் கீல். அதை அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்கு விழும்.

முன்பக்கம் நன்றாகச் சாய்ந்து நிற்கும் மரத்தைச் சாதாரண மரம்போல அறுக்காதீர்கள். பாதி பின்வெட்டிலேயே அடிமரம் நெடுக்காகப் பிளந்து, பின்பாதி மேலே எகிறி அறுப்பவரை அடிக்கும். அனுபவசாலி இல்லாமல் அதில் கை வைக்க வேண்டாம். பக்கத்து மரத்தில் சாய்ந்து மாட்டிக்கொண்ட மரத்துக்கு அடியில் போகக் கூடாது. தாங்கி நிற்கும் மரத்தை அறுப்பது அதைவிட மோசம்.

தரையில் கிடக்கும் மரம்

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். கீழே கிடக்கும் கட்டையை அறுக்கும் முன், அது எங்கே தாங்கப்பட்டிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். இரண்டு முனையிலும் தாங்கல் இருந்து நடுவில் வெற்றிடம் இருந்தால், மேல்பக்கம் நசுங்கி நிற்கிறது, அடிப்பக்கம் இழுபட்டு நிற்கிறது. மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் வெட்டு மூடிக்கொண்டு பாரைக் கவ்விவிடும். ஒரு முனை மட்டும் தாங்கலில் இருந்து மறுமுனை அந்தரத்தில் தொங்கினால் கணக்கு தலைகீழ்: மேலே இழுப்பு, அடியில் நசுக்கு. அங்கே மேலிருந்து மட்டும் அறுத்தால் தொங்கும் பாகம் நார் கிழிந்து சடக்கென்று முறியும். எதுவானாலும் முதலில் நசுங்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, பிறகு இழுபடும் பக்கத்திலிருந்து வந்து சந்திக்க வேண்டும்.

அறுக்கும்போது வெட்டின் வாயையே பார்த்துக்கொண்டிருங்கள். ஆரம்பத்தில் செயின் போன அகலத்துக்கு இருக்கும் இடைவெளி நூலளவு குறுகத் தொடங்கினால், மரம் பாரைப் பிடிக்கப் போகிறது என்று அர்த்தம். அப்போதே பாரை வெளியே எடுத்து, வெட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் ஆப்பைத் தட்டிவிட்டால் வேலை தொடரும். மாட்டிக்கொண்ட பிறகு எஞ்சினை ஓடவிட்டு இழுக்காதீர்கள். நிறுத்திவிட்டு, ஆப்பாலோ நெம்புகோலாலோ வெட்டை விரித்து எடுங்கள்.

நான் வேலைக்கு வந்த புதிதில், விழுந்த மரத்தின் அடியில் ஒரு மரக்கன்று வில்லாக வளைந்து சிக்கியிருந்தது. மணிக்கட்டுக் கனம்தான் இருக்கும். இதென்ன பிரமாதம் என்று வளைவின் வெளிப்பக்கத்தில் செயினை வைத்தேன். தொட்டதும் விடுபட்டு நிமிர்ந்து, தலைக்கவசத்தின் வலைமூடியை அப்படியே உள்ளே மடக்கிவிட்டது. வலை இல்லாவிட்டால் கண். இன்றைக்கு அப்படி ஒரு கன்றைப் பார்த்தால், அது நிமிரும் பாதையை விட்டு விலகி நின்று, வளைவின் உட்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுவேன். நார் மெல்ல மெல்ல மடிந்து கொடுக்கும், விசை சத்தமில்லாமல் அடங்கிவிடும்.

காற்றில் வேரோடு சாய்ந்த மரத்துக்கு இன்னொரு ஆபத்து உண்டு. அடிமரத்தை அறுத்ததும் பாரம் குறைந்து, வேர்மண்ணோடு தூர் திரும்பிக் குழிக்குள் உட்கார்ந்துவிடும். அந்தக் குழிப்பக்கம் யாரையும், முக்கியமாகக் குழந்தைகளை, அண்டவிடாதீர்கள்.

சரிவில் வேலை செய்தால் மேட்டுப் பக்கம் நில்லுங்கள். பார் மண்ணைத் தொடவிடாதீர்கள், ஒரு நொடி போதும், காலையில் தீட்டியதெல்லாம் வீண். வீட்டோரம், வேலியோரம் நின்ற மரங்களில் ஆணியோ கம்பியோ புதைந்திருக்கும். அறுத்த முகத்தில் நீலங்கலந்த கருப்புக் கறை தெரிந்தால், பக்கத்தில் இரும்பு இருக்கலாம்.

பிளக்கும்போது

மரம் வெட்டும் மெல்லிய கோடாலியால் விறகு பிளப்பது உடம்பை வீணாக வருத்துவது. அது நாரில் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். விறகுக்கு வேண்டியது ஆப்புபோல் பருத்த தலையுள்ள, 3 கிலோ அளவிலான கோடாலி. நாரை வெட்ட அல்ல, விலக்கத்தான் அது.

முண்டின் முகத்தைப் பாருங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் மெல்லிய வெடிப்பு இருக்கும். அடி அந்தக் கோட்டில் விழ வேண்டும். கணு இருக்கும் பக்கத்தை விட்டுவிடுங்கள், கவைத்துண்டை அறுக்கத்தான் வேண்டும். பெருத்த முண்டை நடுவில் அடித்துப் போராடாமல், ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றிச் செதில்களாக எடுங்கள்.

அடிக்கட்டை முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். பிளக்கும் துண்டை அதன் எட்டத்து ஓரத்தில் வையுங்கள். அடி தவறினாலும் கோடாலி கட்டையில் இறங்கும், காலுக்கு வராது. கால்களைத் தோளகலத்துக்குச் சமமாக வைத்து, அடி இறங்கும்போது முழங்காலையும் மடக்குங்கள். ஒரு காலை முன்னே வைத்து நிற்பதுதான் பலரும் செய்வது, தவறிய அடி தேடி வருவது அந்தக் காலைத்தான். துண்டு நிற்காவிட்டால் யாரையும் பிடிக்கச் சொல்லாதீர்கள். பழைய டயரைக் கட்டையின்மேல் வைத்து அதற்குள் நிறுத்துங்கள். பிளந்த துண்டுகளும் சிதறாது.

இரும்பு ஆப்பைக் கோடாலியின் பின்பக்கத்தால் அடிக்காதீர்கள். அதற்குச் சம்மட்டி இருக்கிறது. அடிபட்டு அடிபட்டு ஆப்பின் தலை காளான்போல் விரிந்திருந்தால் அந்த விளிம்பை அரைத்து எடுத்துவிடுங்கள். அதிலிருந்து தெறிக்கும் இரும்புச் சில்லு தோட்டாபோல் பாயும். ஹைட்ராலிக் மெஷினில் பிளந்தால், துண்டை வைப்பவரும் நெம்புகோலை இயக்குபவரும் ஒரே ஆளாக இருக்கட்டும். இரண்டு பேர் நின்றால் ஒருவர் கை உள்ளே இருக்கும்போது மற்றவர் இயக்கிவிடுவார்.

வெயில் இறங்கியபின் அடி இரண்டு முறை குறி தவறினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். செயினைத் தளர்த்தி வைக்க மறக்காதீர்கள். சூட்டில் இறுக்கிய செயின் இரவில் ஆறிச் சுருங்கி, கிராங்க் ஷாஃப்டையும் பேரிங்கையும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

பிளந்த விறகைத் தரையில் குவித்து மேலும் கீழும் தார்ப்பாயால் மூடினால் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். அடியில் இரண்டு கழிகளைப் போட்டு, இடைவெளி விட்டு அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். பச்சை மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீர் இருக்கலாம். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் புகையில்லாமல் எரியும், அதற்குப் பல மாதங்கள் ஆகும். அளக்கக் கருவி இல்லையென்றால் இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். பச்சை விறகு மொத்தென்று கேட்கும், காய்ந்தது கணீரென்று ஒலிக்கும்.