அடுத்த வருடம் என் முழங்கால் எப்படி இருக்கும்? வீட்டிலேயே கணித்துப் பார்க்கும் முறை

"வாற ஆடிக்குக் கதிர்காமம் நடந்து போகலாமா, மகள்?" மட்டக்களப்பில் இயன் மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை பார்க்கும் என்னிடம் முழங்கால் வருத்தத்தோடு வரும் அம்மாக்கள் பலர் கேட்பது இதைத்தான். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே கேட்பார்கள். அந்தப் படத்தில் விடை இல்லை. மூட்டு இடைவெளி நன்றாகக் குறைந்த ஒருவர் தினமும் வயல் வட்டைக்குப் போய்வருவார். படம் பரவாயில்லை என்று சொல்லப்பட்ட இன்னொருவருக்குப் படியேற முடியாது. மூட்டுத் தேய்வில் படமும் வலியும் ஒன்றாகப் போவதில்லை.

பயிற்சி செய்தால் ஒரு வருடத்தில் என்ன நிலைக்கு வரலாம் என்று ஓரளவு கணிக்க ஒரு கொப்பியும் மூன்று எண்களும் போதும்.

டென்மார்க்கில் 2013இல் கிளாட் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு உள்ளவர்களுக்கு முதலில் வருத்தத்தைப் பற்றி விளக்கும் வகுப்புகள், பிறகு வாரம் இரண்டு தடவையாக ஆறு வாரம் மேற்பார்வையோடு பயிற்சி. வந்தவர்களின் விவரங்களை ஆரம்பத்திலும் மூன்றாம் மாதத்திலும் ஒரு வருடத்திலும் பதிந்தார்கள். சராசரியாக முழங்கால் வலி ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது. இடுப்பு வலியில் அந்தப் பலன் கொஞ்சம் குறைவு. ஒரு வருடத்திலும் அந்தப் பலன் பெரும்பாலும் நின்றது. அப்புறம் ஆராய்ச்சியாளர்கள் வயது, எடை, மற்ற வருத்தங்கள், மருந்து என்று பல விவரங்களைக் கணினிக்குக் கொடுத்து, யாருக்கு எவ்வளவு குணம் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்த்தார்கள். வலியில் வரும் மாற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவைத்தான் விளக்க முடிந்தது. அதிலும் பெரும் பங்கு ஒரே ஒரு விவரத்துக்கு: தொடங்கும்போது வலி எவ்வளவு இருந்தது என்பதற்கு.

ஆகவே அந்த எண்ணைத்தான் கவனமாக எடுக்க வேண்டும். "இப்ப எவ்வளவு நோகுது?" என்று கேட்டுக்கொள்ளாதீர்கள். கடந்த ஒரு மாதத்தைச் சேர்த்து யோசித்து, வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10 என்று வைத்து ஒரு எண் எழுதுங்கள். காரணம் இருக்கிறது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியரைத் தேடுகிறோம். உச்சத்தில் இருந்தது ஒன்றும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்தையும் பயிற்சியின் கணக்கில் போட்டால் கணிப்பு ஆரம்பத்திலேயே பிழைத்துவிடும். (பூசிய தைலத்துக்குக் கிடைக்கும் நல்ல பெயரில் பாதி இப்படி வந்ததுதான் என்பது என் எண்ணம். வீட்டில் சொன்னால் சண்டை வரும்.)

இரண்டாவது எண் கதிரையில் எடுப்பது. கைபிடி இருந்தாலும் பரவாயில்லை, தொடக்கூடாது, அவ்வளவுதான். இருக்கை தரையிலிருந்து 43 சென்ரிமீற்றர் அளவில் இருக்கட்டும். கதிரையின் முதுகைச் சுவரில் முட்டவையுங்கள். சீமெந்துத் தரையில் பிளாஸ்டிக் கதிரை வழுக்கும். கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழும்பி இருக்க முடிகிறது என்று பேரப்பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து வரும் ஒரு அம்மா முதல் தரம் செய்தபோது, கை நெஞ்சிலிருந்து நழுவித் தொடையை ஊன்றும். "ஊன்றக்கூடாது அம்மா" என்றால் சேலையைப் பிடிப்பார். சேலையை விடச் சொன்னால் உடம்பை முன்னுக்கு வீசி எழும்புவார். அவர் ஏய்க்கவில்லை. தொடைத் தசையில் பலம் குறைந்தால் உடம்பு வேறு வழி தேடும். கை ஊன்றிய தடவைகளை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். சேலைக் கரையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொடங்குவது நல்லது.

மூன்றாவது எண் நடை. முற்றத்தில் 10 மீற்றர் அளந்து இரு முனையிலும் கல் வைத்து, ஓடாமல் ஆனால் வேகமாக நான்கு தரம் கடந்து, எத்தனை விநாடி என்று போனில் பாருங்கள். திரும்பும் நேரத்தைச் சேர்க்க வேண்டாம்.

இந்த எண்களுக்குப் பக்கத்தில், அந்த மாதம் என்ன வேலை செய்தீர்கள் என்றும் எழுதுங்கள். நம் பக்கத்தில் இது முக்கியம். ஐப்பசியில் விதைப்பு, மார்கழியில் மழை வெள்ளம், மாசி பங்குனியில் அறுவடை. ஒக்டோபரில் எடுத்த எண்ணையும், நாள் முழுக்க வயலில் நின்ற பெப்ரவரி எண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்து "பயிற்சி சரிவரவில்லை" என்று முடிவு கட்டக்கூடாது. ஒரு வருடத்தின் பின் அதே மாதத்தில் எடுக்கும் எண்தான் சரியான ஒப்பீடு. இடையில் வரும் மூன்றாம் மாத எண்ணை வேலைக் குறிப்போடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இனிக் கணிப்பு. வலி 6 என்றால் கால்பங்கு கழித்து 4.5 வரும். அது எல்லோருடைய சராசரி, உங்களுடையது அல்ல. எனவே நான் கொப்பியில் "3 முதல் 6 வரை" என்று எழுதுவேன். இது என் கைக்கணக்கு. இதைவிடக் குறுக்கிச் சொல்பவர் சாத்திரம் சொல்கிறார் என்றுதான் எடுக்க வேண்டும். வலி 8, 9 என்று தொடங்குபவருக்குப் பெரிய இறக்கம் வர இடமுண்டு. 2இல் தொடங்குபவருக்கு வலி குறைய இடமில்லை. அவர் கதிரை எண்ணையும் நடையையும் பார்க்க வேண்டும். வலியில் இரண்டு புள்ளியும், கதிரையில் இரண்டு மூன்று தடவையும் மாறினால்தான் மாற்றம் என்று எடுங்கள். அதற்குக் குறைந்தால் அன்றைய நாளின் குணமாக இருக்கலாம். மற்ற மூட்டுகளிலும் வலி, மனச்சோர்வு, சீனி வருத்தம் போன்றவை இருந்தால் நான் அந்த வீச்சின் மோசமான முனைப் பக்கம் சாய்வேன். ஆனால் அவற்றை வைத்துப் புதிய எண் போடமாட்டேன்.

எதற்காகக் கணிக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். காலையில் பழைய கல்லடிப் பாலத்தில் நடக்கத்தான் என்றால் நல்ல முனையை நம்பித் தொடங்கலாம். கால் நொந்தால் திரும்பி வந்துவிடலாம். கதிர்காமப் பாதயாத்திரை அப்படியல்ல. ஒகந்தைக்கு அப்பால் காட்டுப் பாதை, நடுவில் பஸ் ஏற வழியில்லை. அதற்கு மோசமான முனையை வைத்துத் தீர்மானியுங்கள். அம்மாக்களிடம் நான் சொல்வது, வலி 6 என்றே இருந்தாலும் போவீர்களா என்று முதலில் யோசியுங்கள் என்பது. சிலர் "முருகன் பாத்துக்கொள்ளுவார்" என்பார்கள். சரி, ஆனால் அவர்களும் பயிற்சியைச் செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

பயிற்சி நாட்களில் வலி 2 வரை வந்தால் கவலையில்லை. 5 வரை தாங்கலாம், ஆனால் 24 மணித்தியாலத்துக்குள் வழமையான அளவுக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அடுத்த தடவை அளவைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். திருகுவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவுவதை அந்த வாரங்களில் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம்.

மூன்றாம் மாதம் மூன்று எண்களையும் மறுபடி எடுத்து, பழைய கணிப்பைக் குறுக்குக்கோடு போட்டுப் புதிதாக எழுதுங்கள். முதல் நாள் கணிப்பைவிட இதையே நான் நம்புவேன். 6இலிருந்து 4க்கு வந்து பயிற்சியையும் விடாதவருக்கு வருட முடிவில் 3 முதல் 5 வரை என்று எழுதலாம். ஒழுங்காகச் செய்தும் அசையவில்லை என்றால், பயிற்சியை ஒரு இயன் மருத்துவரிடம் செய்துகாட்டுங்கள். பயிற்சியே எளிதாக இருந்திருக்கலாம். ஆறு வாரத்தோடு விட்டவர்களுக்கு என்னிடம் கணிப்பு இல்லை. மீண்டும் தொடங்கிய நாளிலிருந்து புதிய பக்கம்.

ஒப்பரேசன் தேவைப்படுமா என்பது அடுத்த கேள்வி. டென்மார்க்கில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில், முழங்கால் மாற்றத்துக்குத் தகுதியான 100 பேரில் பாதிப் பேருக்கு ஒப்பரேசனும் பயிற்சியும், மற்றப் பாதிக்குப் பயிற்சி முதலிய சிகிச்சை மட்டும் கொடுத்தார்கள். ஒப்பரேசன் செய்தவர்களுக்கு வலி அதிகம் குறைந்தது, பாரதூரமான பக்கவிளைவுகளும் அவர்களுக்கே அதிகம். பயிற்சிப் பக்கத்து 50 பேரில் ஒரு வருடத்துக்குள் ஒப்பரேசனுக்குப் போனவர்கள் 13 பேர். மூட்டு திடீரென வீங்கிச் சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, விழுந்த பின் காலை ஊன்ற முடியாவிட்டாலோ கணிப்பெல்லாம் வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி எலும்பு வைத்தியரைப் பார்க்கப் போகும்போது எக்ஸ்ரேயோடு இந்தக் கொப்பியையும் கொண்டுபோய், மூன்றாம் மாதப் பக்கத்தைத் திறந்து மேசையில் வையுங்கள்.