கைவிடப்பட்ட கடல்மீனை வீட்டுத் தொட்டியில் சேர்ப்பது எப்படி?

வாடகை முடிந்து கொண்டோவைக் காலி செய்கிறவர்கள், மூடப்படும் அலங்கார மீன் கடைகள், பராமரிக்க முடியாமல் தொட்டியோடு கொடுத்துவிடுகிறவர்கள் என்று கோலாலம்பூரில் கடல்மீன்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. இரக்கப்பட்டு வாங்கி வருகிறவர்களில் பலர் அன்றைக்கே தங்கள் தொட்டியில் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் கெடுகிறது. அந்த மீன் பழகிய தண்ணீர் வேறு, உங்கள் தண்ணீர் வேறு. அதன் உடம்பில் ஒட்டுண்ணியும் இருக்கலாம். புது மீனைச் சில வாரம் தனியே வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டி இல்லாமல் மீனை ஏற்காதீர்கள். முதலில் அந்தத் தொட்டியின் தண்ணீரை மீனுக்கேற்ப மாற்றுங்கள். மீனை உங்கள் தண்ணீருக்குக் கொண்டுவருவதை நாள்கணக்கில் செய்யுங்கள்.

மீனை எடுக்கப் போகும் முன்

என்ன மீன், எவ்வளவு நீளம், எதைத் தின்கிறது, அண்மையில் ஏதாவது செத்ததா என்று கேளுங்கள். நான்கடிக்குக் குறைந்த தொட்டி வைத்திருப்பவர்கள் டாங் எனும் நிறைய நீந்தும் மீன் வகைகளை ஏற்க வேண்டாம். நீல டாங் 30 செ.மீ. வரை வளரும், அதற்கு ஆறடித் தொட்டிகூட அதிகமில்லை. சிங்க மீனை வலையில் பிடிக்காதீர்கள். அதன் முள்ளில் விஷம் உண்டு, டப்பாவில் மொண்டு எடுங்கள்.

முக்கியமான கேள்வி உப்பளவு. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே அளப்பது நல்லது. அதற்கு முன் 35 பிபிடி (ஒரு கிலோ நீரில் 35 கிராம் உப்பு) திரவத்தால் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரை வைத்துச் சரிபார்த்தால் கடல்நீர் அளவில் பிழை வரலாம்.

தனிமைத் தொட்டி

60 லிட்டர் கண்ணாடித் தொட்டி அல்லது மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி போதும். காற்றுப் பம்பு, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பிவிசி குழாய் வளைவுகள் வேண்டும். மணலும் கல்லும் வேண்டாம், ஒட்டுண்ணிக்குப் போடும் காப்பர் மருந்தை இரண்டும் உறிஞ்சிவிடும். ஸ்பாஞ்சை நான்கு வாரத்துக்கு முன்பே பெரிய தொட்டியின் சம்பில் (கீழேயுள்ள வடிகட்டும் தொட்டியில்) போட்டு வையுங்கள். நல்ல பாக்டீரியா அதில்தான் குடியேற வேண்டும். புது ஸ்பாஞ்ச் என்றால் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா ஓரிரு நாளிலேயே ஏறிவிடும்.

பெரிய தொட்டியிலிருந்து 3 மீட்டராவது தள்ளி வையுங்கள். நீர்க்குமிழி தெறிக்கும் துளியிலேயே வெல்வெட் நோய்க் கிருமி பரவும். வலை, வாளி, குழாய் எல்லாம் தனி.

நம் ஊர் வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏர்கோன் இல்லாத அறையில் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும், சூடான நீரில் ஆக்சிஜன் குறையும். மேற்பரப்பில் சின்ன விசிறி வைத்து 26–27 டிகிரியில் நிறுத்தப் பாருங்கள். விசிறி ஓடினால் நீர் வேகமாக ஆவியாகி உப்பு ஏறும் என்பதால் தினமும் ஆர்ஓ நீர் (உப்பும் தாதுவும் வடிகட்டிய நீர்) ஊற்ற வேண்டும்.

உப்பைச் சமன் செய்வது

40 லிட்டர் ஆர்ஓ நீரில் சுமார் 1.5 கிலோ கடல் உப்புக் கலவையைப் போட்டு, ஒரு நாள் சுழலவிட்டு, நீரின் அடர்த்தி எண்ணை, அதாவது ரிஃப்ராக்டோமீட்டர் காட்டும் உப்பளவை, 1.025-க்குக் கொண்டுவாருங்கள். தொட்டியை நிரப்பாமல் இந்த 40 லிட்டரோடு நிறுத்துங்கள். மீனின் பழைய தண்ணீர் 1.020 என்றால், 10 லிட்டர் ஆர்ஓ நீர் ஊற்றினால் உங்கள் தண்ணீரும் 1.020 ஆகிவிடும்.

உப்பு இறங்குவதை மீன் ஓரளவு தாங்கும். சட்டென்று ஏறினால் உடம்பு நீரை இழந்து, ஓரிரு நாள் கழித்துச் செத்துப் போகும். அதனால் மீனைத் தொட்டியில் விட்ட பிறகு ஒரு நாளைக்கு 0.001 மட்டும் ஏற்றுங்கள். 50 லிட்டரில் 10 லிட்டரை எடுத்துவிட்டு 1.025 நீர் 10 லிட்டர் ஊற்றினால் முதல் நாள் அந்த அளவு ஏறும். போகப் போக ஏற்றம் குறையும், அப்போது சற்று உப்புக் கூடிய நீரைப் பயன்படுத்துங்கள். இதிலேயே அமோனியாவும் ஓரளவு கழியும்.

பையிலிருந்து தொட்டிக்கு

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்த பைக்குப் பெரிய கவலை இல்லை. பினாங்கிலிருந்து 350 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் வந்த பை வேறு கதை. மீன் விடும் கரியமில வாயு பை நீரின் பிஎச்சை (அமில-கார அளவை) தாழ்த்தி, சேர்ந்துபோன அமோனியாவை அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அமோனியா விஷமாக மாறும். இந்த நிலையில் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது மீனை விஷத்தில் ஊறவைப்பதுதான். திறக்காத பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, வெப்பம் ஒத்ததும் திறந்து, மீனை மட்டும் உடனே தனிமைத் தொட்டிக்கு மாற்றுங்கள். பை நீர் சாக்கடைக்கு. உப்பை முன்பே சமன் செய்யச் சொன்னது இதற்காகத்தான்.

மருந்து

முதல் சில நாள் மீன் தின்ன வேண்டும், அவ்வளவுதான். மைசிஸ் (இறால் போன்ற சிறு உயிரி), உப்பும் எண்ணெயும் சேர்க்காத நோரி (காய்ந்த கடற்பாசித் தாள்) கொடுங்கள். தின்னாததை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி இருந்தால் இச் என்ற ஒட்டுண்ணி நோய். மாவு படிந்ததுபோல் மங்கலும் வேகமான மூச்சும் இருந்தால் வெல்வெட். அது சில நாளிலேயே கொல்லும், காத்திருக்காதீர்கள். இரண்டுக்கும் காப்பர் மருந்துதான். இதில் புதியவர்கள் செய்யும் கொடிய தவறு அளவைக் குழப்புவது. காப்பர் பவர் போன்ற செலேட்டட் (காப்பரை வேறு பொருளோடு பிணைத்த) மருந்துக்கு 2.25–2.5 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), குப்ரமின் என்ற வேறு வகைக் காப்பர் மருந்துக்கு 0.5. முதலாவதின் எண்ணை இரண்டாவதற்குப் போட்டால் மீன் பிழைக்காது. சோதனைக் கருவி இல்லாமல் காப்பர் தொடாதீர்கள். இரண்டு மூன்று நாளில் மெல்ல ஏற்றி, 30 நாள் அதே அளவில் வையுங்கள். மாற்றும் நீரிலும் அதே அளவு மருந்து கலந்திருக்க வேண்டும். திருக்கை, சுறா வகைகளுக்குக் காப்பர் ஆகாது.

பெரிய தொட்டிக்கு

மருந்து முடிந்து இரண்டு வாரம் நோயின்றித் தின்றால் மாற்றலாம். ஒரு முறைக்கு ஒரு மீன், அடுத்ததற்கு இரண்டு வாரம் இடைவெளி. உங்கள் பாக்டீரியா இப்போதுள்ள கழிவுக்கு மட்டுமே பழகியிருக்கிறது.

பழைய மீன்களுக்கு முதலில் தீனி போடுங்கள். நான்கைந்து கற்களை இடம் மாற்றி, விளக்கை அணையுங்கள். எல்லைச் சண்டை குறையும். டாம்செல், டாட்டிபேக், வளர்ந்த கோமாளி மீன் போன்ற சண்டைக்கார மீன்கள் இருந்தால் புதியதைத் துளையுள்ள பெட்டியில் மூன்று நாள் தொங்கவிடுங்கள். பழைய மீன் பெட்டிச் சுவரை முட்டுவது நிற்காவிட்டால் திறக்காதீர்கள், முட்டுகிற பழைய மீனைப் பிடித்து அந்தப் பெட்டியில் போட்டுப் புதியதை வெளியே விடுங்கள்.

காப்பர் பட்ட ஸ்பாஞ்சும் குழாய் வளைவும் திரும்பவும் தனிமைத் தொட்டிக்கு மட்டும்தான். பவளமும் இறாலும் நத்தையும் உள்ள தொட்டிக்குள் அவை ஒருபோதும் போகக் கூடாது.