கால்வாய்க்கரைக் கட்டடத்தைப் பார்க்கும் முறை

இங்கிலாந்தில் பழைய ஆலை, கிடங்கு பார்க்கப் போனால் வாசலில் நிற்காதீர்கள். நேரே தண்ணீர்ப் பக்கம் போங்கள், உண்மையான முகப்பு அங்கேதான்.

முதலில் நீர்மட்டத்தில் வளைவுத் திறப்பு இருக்கிறதா பாருங்கள். மான்செஸ்டரில் 1806இல் கட்டிய டேல் தெருக் கிடங்கில் இருக்கிறது. படகு அதன் வழியே உள்ளேயே வந்துவிடும். மழையில் நனையாமல் மூட்டைகளை மேலே தூக்கலாம்.

பிறகு அண்ணாந்து பாருங்கள். மாடிக்கு மாடி நேர்வரிசையில் கதவுகள், உச்சியில் கப்பி மாட்டிய உத்தரம். இன்று அந்தக் கதவுகளில் பெரும்பாலும் கண்ணாடி போட்டிருப்பார்கள். பால்கனி என்று ஏமாறாதீர்கள். ஜன்னல் சின்னதாக இருந்தால் பெரும்பாலும் கிடங்கு. பெரிய ஜன்னல்கள் வரிசையாக இருந்தால் ஆலை, தறிக்கு வெளிச்சம் வேண்டுமே!

கால்வாய்ப் பாலத்தின் மூலைக்கல்லைத் தடவிப் பாருங்கள். கரையில் நடந்து படகை இழுத்த குதிரைகளின் கயிறு அறுத்த பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும்.

உள்ளே இரும்புத் தூண்களைத் தேடுங்கள். பலகை அடித்து மறைத்திருந்தால் எனக்குக் கோபம்தான் வரும். பிராட்ஃபோர்டு அருகே சால்டேர் என்ற ஊரில் 1853இல் திறந்த சால்ட்ஸ் ஆலை 1986இல் மூடியது. அடுத்த ஆண்டே தொழிலதிபர் ஜோனதன் சில்வர் வாங்கி டேவிட் ஹாக்னியின் ஓவியங்களை மாட்டினார். தூண்கள் அப்படியே நிற்கின்றன.