ஒலியை அணைத்துவிட்டு உங்களைப் பாருங்கள்: உடல்மொழி பழக ஒரு செய்முறை

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், ஜெர்மனியிலிருந்து காணொளியில் பேசிய வாடிக்கையாளர் ஒருவர் சொன்ன காலக்கெடுவுக்கு முழு மனத்தோடு தலையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிந்ததும், அந்தத் தேதியில் எனக்கு என்ன ஆட்சேபம் என்று கேட்டு மின்னஞ்சல் வந்தது. நம் வீடுகளில் ‘சரி, சொல்லுங்கள்’ என்று பொருள்படும் அசைவு, தலையை மேலும் கீழும் அசைப்பதையே சம்மதமாகக் கொள்ளும் அவருக்கு மறுப்பாகத் தெரிந்திருக்கிறது. என் உடல் என்ன பேசுகிறது என்பதை நானே அறியாதிருந்தது என்னை வெகுநாள் உறுத்தியது. அதைச் சரிசெய்ய நான் கடைப்பிடித்த முறை இது.

படி 1: பதிவு. நண்பர் ஒருவரின் அனுமதியைப் பெற்று, நேரில் அமர்ந்து பத்து நிமிடம் பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். இருவரின் கைகளும் படத்தில் தெரிய வேண்டும்.

படி 2: ஒலியில்லாமல் பார்த்தல். முதல்முறை ஒலியோடு பார்த்துவிட்டால், அதன்பின் சொற்களின் வழியாகவே அசைவுகளுக்குப் பொருள் கொள்ளத் தொடங்கிவிடுவோம்.

படி 3: குறிப்பெடுத்தல். நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். நோட்டில் நேரம், அசைவு, ஊகம் என்று மூன்று பத்திகள் போட்டேன். ஆனால் அசைவுப் பத்தியிலேயே ‘சலிப்படைந்தார்’ என்று எழுதிவைத்தேன். அது அசைவன்று, என் தீர்ப்பு. கண்ணுக்குத் தெரிந்தது ‘கைகளைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தார்’ என்பது மட்டுமே. நண்பரிடம் கேட்டபோது, ஜன்னல் வழியே வந்த டிசம்பர் மாதக் குளிர்தான் காரணம் என்றார். கையைக் கட்டிக்கொள்வது மனத்தை மூடிக்கொள்வதன் அடையாளம் என்று எழுதும் கையேடுகள் பல உண்டு; ஆனால் ஆசிரியர் முன் கைகட்டி நின்று வளர்ந்த நமக்கு அதே அசைவு பணிவின் அடையாளம். பெரியவர் பேசும்போது பார்வையைத் தாழ்த்துவதும் அப்படித்தான்; ஊரில் மரியாதையாகக் கொள்ளப்படுவது, இங்கே நேர்முகத் தேர்வில் தன்னம்பிக்கைக் குறைவாகக் கொள்ளப்படலாம். ஆகவே அசைவுப் பத்தியை முழுதாக நிரப்பிய பிறகே ஊகப் பத்தியைத் தொடுங்கள். அந்த மனிதரின் இயல்பான இருப்பையும் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். எப்போதும் கைகட்டி அமர்பவரிடம் அதைவிட, அவர் கையை அவிழ்க்கும் தருணமே கவனிக்கத்தக்கது.

படி 4: ஒலியோடு பார்த்தல். சொல்லும் உடலும் முரண்படும் இடங்களை மட்டும் வட்டமிட்டு, உரியவரிடமே கேளுங்கள்.

படி 5: ஒரே ஒரு மாற்றம். நான் தலையாட்டலை விடவில்லை, விடத் தேவையும் இல்லை. அதனோடு ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லப் பழகினேன். இரண்டு வாரத்தில் கைவந்தது.

கருவிகளைப் பொறுத்தவரை கோடிட்ட நோட்டும் கைபேசிக் கேமராவும் போதும். முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிப்பதாகச் சொல்லும் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட் உள்ளிட்டோர் 2019இல் வெளியிட்ட விரிவான மீளாய்வு, முகத்தோற்றத்தை மட்டும் கொண்டு உணர்ச்சியை நம்பகமாகக் கணிக்க முடியாது என்று காட்டியது. ஊன்றிக் கவனிப்பவரும் புருவத்தைச் சுருக்குவார். கருத்து போய்ச் சேர்வதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படும் ‘சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55 சதவீதம்’ என்ற கணக்கையும் அப்படியே ஏற்காதீர்கள். உளவியலாளர் ஆல்பர்ட் மெராபியனின் 1967ஆம் ஆண்டு ஆய்வுகளிலிருந்து வந்த அந்த எண்கள், உணர்வையும் விருப்பு வெறுப்பையும் பற்றிய பேச்சுக்கு மட்டுமே பொருந்தும் என்று அவரே தெளிவுபடுத்தியிருக்கிறார்.

பிற்சேர்க்கை: காணொளிக் கூட்டத்தின் பதிவை வைத்து இதைச் செய்துபார்த்த வாசகர் ஒருவர், எதிரில் இருப்பவர் ஒவ்வொரு பதிலுக்கும் தயங்குவதுபோல் தெரிகிறதே என்று கேட்டிருந்தார். 2009இல் 10 மொழிகளை ஒப்பிட்ட ஆய்வொன்றில், கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான நேரம் சராசரியாக ஏறத்தாழ 200 மில்லிநொடிதான் (ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு) இருந்தது. இவ்வளவு குறுகிய இடைவெளிக்குப் பழகிய நமக்கு, இணையத் தாமதம் சற்றுக் கூடினாலும் தயக்கமாகவே தோன்றும். எனவே காணொளிப் பதிவில் மௌனங்களைக் கணக்கில் எடுக்காமல் அசைவுகளை மட்டும் குறியுங்கள். கூட்டத்தின்போது திரையில் உங்கள் சொந்தப் படத்தையும் மறைத்துவிடுங்கள், இல்லையேல் பார்வை அங்கேயே போய் நிற்கும்.